ஊரிலை சைக்கிள் ஓடினவனுக்கு பிறைற்றன் 54 மைலுக்குப் பயிற்சி வேணுமோ?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

வேலையிடத்திலை ஆறு பேர் சேர்ந்து ஜூன் மாத லண்டன்–பிறைற்றன் சைக்கிள் ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கிறம். இதய நோய்க்கான தொண்டு அமைப்பு பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேசனுக்குக் காசு சேர்க்கிறது. 54 மைல். மற்ற ஐஞ்சு பேரும் இப்பவே பயிற்சி அட்டவணை அடிச்சுச் சுவரிலை ஒட்டிப்போட்டு நிக்கினம். நான் இருபது வயது மட்டும் யாழ்ப்பாணத்திலை சைக்கிளிலேயே சீவிச்சவன். எனக்கு உது தேவையோ? ஓடினவை ஆரும் சொல்லுங்கோ.

ஜனவரி 10

தேவையில்லை.

தம்பி, நானும் இந்த முறை பேர் குடுத்திருக்கிறன். ஓடினதில்லை, ஆனால் கணக்குத் தெரியும். 54 மைல் எண்டால் 87 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலையிருந்து பருத்தித்துறைக்குப் போய் வந்து, பேந்து காங்கேசன்துறைக்கு ஒரு நடை போனமாதிரி. அதுவும் ஒரு முழுப் பகல் இருக்கு. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட 95 ஒக்ரோபர் இடப்பெயர்விலை, 16 வயசிலை, அம்மம்மாவைக் கரியரிலை ஏத்திக்கொண்டு கொக்குவிலிலையிருந்து சாவகச்சேரி மட்டும் ஒரே இரவிலை ஓடினவன் நான். கியரும் இல்லை, லைற்றும் இல்லை. உந்த அட்டவணையளை வெள்ளைக்காரருக்கு விடுங்கோ.

நான் ஏன் பேர் குடுத்தனான் எண்டால், மார்கழியிலை எடுத்த இரத்தப் பரிசோதனையிலை மூண்டு மாதச் சராசரிச் சீனி (HbA1c) 44. 42இலையிருந்து 47 மட்டும் எல்லைக்கோடு. டொக்டர் "நடவுங்கோ" எண்டார். மகள் பக்கத்திலை இருந்து "அப்பா நடக்கமாட்டார், சைக்கிள் ஓடுவன் எண்டு சொல்லிக்கொண்டு இருப்பார்" எண்டாள். வீட்டை வந்து அவளே படிவத்தை நிரப்பி என்ரை வங்கிக் காட்டிலை காசையும் கட்டிப்போட்டாள்.

ஜனவரி 21

மேலை எழுதினதை அழிக்கேல்லை. கிடக்கட்டும்.

ஸ்ரெதமிலை ஒருத்தரிட்டை 140 பவுணுக்கு ஒரு பழைய ஹைபிறிட் சைக்கிள் வாங்கினன். இண்டைக்கு விடிய ரூற்றிங்கிலையிருந்து ரிச்மண்ட் பார்க்குக்குப் போனன். பார்க்கைச் சுத்தி ஒரு வட்டம் 6.7 மைல். ரண்டு வட்டம் அடிக்கிறது எண்டு நினைப்பு. புறூம்ஃபீல்ட் ஹில் எண்டு ஒரு ஏத்தம் இருக்கு, இஞ்ச ஓடுற ஆக்கள் அதை மலையெண்டே கணக்கெடுக்கிறேல்லை. அரைவாசியிலை கியரை மாத்த வெளிக்கிட்டன், செயின் கழண்டு விழுந்துது. ஒரு மான் நிண்டு பாத்தது.

யாழ்ப்பாணத்திலை ஏத்தம் எண்டு ஒண்டு இல்லை. எங்கடை நல்லூர் முருகனே மணலிலைதான் இருக்கிறார். உந்தப் புறூம்ஃபீல்ட் அங்கை இருந்திருந்தால் கோயில் கட்டி, படி வெட்டி, தேரும் விட்டிருப்பம். நான் ஊரிலை ஓடினது முழுக்கத் தட்டை றோட்டு. எதிர்க்காத்துத்தான் அங்கை எங்களுக்கு மலை, காத்துக்குக் குனிஞ்சால் சரி. மலைக்குக் குனிஞ்சு ஒண்டும் நடக்கேல்லை.

ஒரு வட்டத்தோடை திரும்பியாச்சு. பின்னேரம் ஒரு பிறந்தநாள் வீடு, அங்கை எல்லாரும் "இருங்கோ, இருங்கோ" எண்டு கதிரை தந்தவை. நிண்டுகொண்டுதான் சாப்பிட்டனான்.

ஜனவரி 22

பஞ்சு வைச்ச காற்சட்டை வாங்கச் சொன்னவருக்கு: அந்த வேசத்தோடை நான் ரூற்றிங் றோட்டிலை போனால் நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். வாங்கமாட்டன்.

பெப்ரவரி 4

வாங்கிட்டன். மேலாலை ஒரு சாதாரண காற்சட்டையும் போடுறன், மானம் மிச்சம்.

ஆனால் முதல் கிழமை உள்ளுக்கு வழமையான உள்ளாடையும் போட்டுக்கொண்டு ஓடி, தையல் உரஞ்சித் தோல் போச்சு. பஞ்சுக் காற்சட்டைக்கு உள்ளுக்கு ஒண்டும் போடக்கூடாது. பெட்டியிலை ஒருத்தரும் எழுதியில்லை. அதாலைதான் இஞ்ச எழுதுறன்.

முழங்கால் நோவுக்கும் காரணம் பிடிச்சாச்சு. ஊரிலை சீற்றிலை இருந்தால் ரண்டு காலும் நிலத்திலை முட்டவேணும், அதுதான் எங்கடை அளவு. நிப்பாட்டினால் இறங்காமல் மதிலிலை கையை வைச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறதுக்கு அது நல்லது. மணித்தியாலக் கணக்காய் உழக்கிறதுக்கு அது முழங்காலைத் தின்னும். பெடல் ஆகக் கீழை நிக்கேக்கை குதிக்காலை அதிலை வைச்சால் கால் நேராய் நிக்கவேணும். பேந்து முன்பாதத்தாலை உழக்கினால் முழங்கால் கொஞ்சமாய் மடங்கி இருக்கும். ரண்டு அங்குலம் உயத்தினன். நோ மூண்டு நாளிலை போட்டுது. முப்பது வருசமாய்ப் பிழையான உயரத்திலை இருந்திருக்கிறன்.

பெப்ரவரி 18

"எப்ப நேரம் கிடைக்குது?" எண்டு கேட்டவருக்கு.

கிடைக்கேல்லை. கடை விடிய ஆறுக்குத் திறக்கவேணும், குறொய்டனிலை. மனிசிக்குச் செவ்வாயும் வியாழனும் இரவு வேலை. சனி தமிழ்ப் பள்ளிக்கூடம், பேந்து மகளின்ரை மிருதங்க வகுப்பு. ஞாயிறு சாமான் எடுக்கிற நாள். இதுக்குள்ளை இண்டையிலையிருந்து ஜூன் மட்டும் ஐஞ்சு சாமத்தியவீடு, மூண்டு கலியாணம், ஒரு அந்தியேட்டி. அட்டவணையிலை "ஓய்வு நாள்" எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதைப் பாத்து மனிசி சிரிச்சவ.

பேந்து புத்தி வந்துது. கடைக்குக் காரிலை போறதை விட்டால் என்ன? ஏழு மைல் போக, ஏழு மைல் வர. கிழமைக்கு மூண்டு நாள் எண்டால் 42 மைல் கணக்கிலை வருது, வீட்டிலை ஒருத்தரிட்டையும் நேரம் கேக்கத் தேவையில்லை. மிச்சம் கொமன் (Mitcham Common) எண்ட பொது வெளிக்குள்ளாலை விடியப்பறம் போனால் நரியைத் தவிர ஒருத்தரும் இல்லை. கடையிலை குளிக்க இடமில்லை. பின்னறையிலை அரிசி மூட்டையளுக்கு நடுவிலை ஈரத் துவாயாலை துடைச்சுப்போட்டு நிக்கிறன். பாண் வாங்க வாற கிழவி ஒரு நாள் "தம்பி, சுகமில்லையோ, முகமெல்லாம் சிவந்து கிடக்கு" எண்டு கேட்டுப்போட்டு, அடுத்த நாள் கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு வந்து தந்தவ.

மார்ச் 3

வேலைக்கு ஓடுறது காணும் எண்டு போன மாதம் நினைச்சன். காணாது. ஏழு மைலைப் பத்துத்தரம் ஓடினாலும் அது எழுவது மைல் ஓடினமாதிரி இல்லை. ரண்டு மணித்தியாலம் தாண்டினால் உடம்பு வேறை உடம்பு.

போன கிழமை ஒரு நாள் ஐஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு எப்சம் டவுன்ஸ் மட்டும் போனன், போய்வர 28 மைல். வெறும் தேத்தண்ணியோடை. திரும்பி வரேக்கை பான்ஸ்டெட்டிலை கை நடுங்கத் தொடங்கிட்டுது. வேர்த்துக் குளிர்ந்து, மூளை ஓடேல்லை. சிவப்பு லைற் பச்சையாய் மாறினது விளங்காமல் நிண்டன், பின்னுக்கு நிண்ட வான்காரன் கத்தினான். பெற்றோல் நிலையத்திலை ஒரு வாழைப்பழமும் ஒரு சொக்லேற்றும் திண்டு, சுவரிலை சாய்ஞ்சு இருந்தன். பதினைஞ்சு நிமிசத்திலை மனுசனாகிட்டன்.

ஓட்டக்காரர் சொல்லுற அளவு மணித்தியாலத்துக்கு 30இலையிருந்து 60 கிராம் மாச்சத்து. ஒரு வாழைப்பழம் 25 வரும். கடையளிலை ஜெல் எண்டு விக்கிறது எனக்கு இருமல் பாணி குடிக்கிறமாதிரி. நான் கண்டுபிடிச்சது பனங்கட்டி. குட்டானை உடைச்சுப் பையிலை போட்டுக்கொண்டு, ஒரு துண்டைக் கடவாயிலை ஒதுக்கி வைச்சால் இருவது நிமிசம் கரையும். பள்ளத்திலை குலுங்கேக்கை மட்டும் கவனம், விடிய ஒரு பல்லு போகப் பாத்தது.

வெளிக்கிட முன்னம் புட்டும் வாழைப்பழமும். சம்பல் வேண்டாம். காரணம் கேக்காதையுங்கோ.

மார்ச் 4

"சீனி எல்லைக்கோட்டிலை எண்டு சொல்லிப்போட்டுப் பனங்கட்டி திண்ணுறீரோ?" நியாயமான கேள்வி. டொக்டரிடத்துத் தாதியைக் கேட்டன். ஓடேக்கை தின்னுறது ஒண்டு, ஓடிப்போட்டு வந்து ரிவிக்கு முன்னாலை இருந்து தின்னுறது வேறையொண்டு எண்டா. நான் ரண்டையும் செய்துகொண்டு இருந்திருக்கிறன். மருந்து எடுக்கிற ஆக்கள் என்ரை கதையைக் கேட்டு ஒண்டும் செய்யவேண்டாம், உங்கடை டொக்டரைக் கேளுங்கோ.

மார்ச் 31

மணிக்கூட்டை மாத்திப்போட்டாங்கள். ஐஞ்சு மணிக்கு எழும்பினது உண்மையிலை நாலு. திரும்பிப் படுத்திட்டன்.

ஏப்ரல் 14

காசு சேர்க்கிற பக்கம்.

ஓடுறதிலும் பார்க்க உது கஷ்டம். எங்கடை சனம் குடுக்கமாட்டாதெண்டு இல்லை. கோயில் திருவிழா உபயத்துக்கு ஆயிரம் குடுக்கிறவர், "நீ சைக்கிள் ஓடுறதுக்கு நான் ஏன் காசு தரவேணும்?" எண்டு மெய்யாகவே விளங்காமல் கேக்கிறார். நான் விளங்கப்படுத்திப் பாத்தன். இதயத்துக்காக எண்டன். "ஆற்றை இதயம்?" எண்டார். எங்கடை எண்டன். தெற்காசிய ஆக்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவையிலும் கூட எண்டது இஞ்சத்தை டொக்டர்மார் எல்லாரும் சொல்லுறது. அதைச் சொல்லேக்கை அவர் மூண்டாவது றோல்ஸைக் கையிலை வைச்சிருந்தார். பேசாமல் கோப்பையிலை வைச்சிட்டு இருவது பவுண் தந்தார். றோல்ஸைப் பேந்து எடுத்துத் திண்டதையும் பாத்தனான்.

கடையிலை ஒரு ரின் வைச்சிருக்கிறன், சில்லறை விழுது. ஒரு யோசினை: ரின் காசை எண்ணி, என்ரை காட்டாலை இணையப் பக்கத்திலை கட்டி, கிஃப்ற் எய்ட் பெட்டியிலை சரி போட்டால் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் கூடக் குடுக்கும். எல்லாரும் அப்பிடிச் செய்யுங்கோ.

ஏப்ரல் 16

அப்பிடிச் செய்யாதையுங்கோ. கணக்காளர் ஒருத்தர் தனியாய் எழுதிக் குட்டினவர். கிஃப்ற் எய்ட் வரி கட்டுற ஆள் தன்ரை சொந்தக் காசைக் குடுத்தால்தான். மற்றவை போட்ட சில்லறையை என்ரை காசு எண்டு சரி போடுறது பொய். ரின் காசு சரி போடாமல்தான் போகும். தனிப்பட நல்ல காசு தாறவையைத் தாங்களே இணையத்திலை கட்டச் சொல்லுங்கோ. ஐஞ்சு பவுண் கட்டின ஒரு பெரியவர், போனதோ எண்டு கேட்டு மூண்டுதரம் அடிச்சவர். பரவாயில்லை.

மே 5

பொக்ஸ் ஹில். 2012 ஒலிம்பிக்கிலை ஆம்பிளையள் இந்தச் சுத்தை ஒன்பதுதரம் ஓடினவை, பொம்பிளையள் ரண்டுதரம். நான் ஒருக்கா. ஸிக்ஸாக் றோட் ஒண்டரை மைல், ஆனால் கொடுமையான ஏத்தமில்லை, சராசரி ஐஞ்சு வீதம். ஆகச் சின்னக் கியரிலை போட்டு, பக்கத்திலை ஆரும் வந்தால் கதைக்கக்கூடிய வேகத்திலை போனால் ஏறுது. நான் பிழையாய்ப் பழகின விசயம் இதுதான்: ஏத்தத்தைக் கண்டதும் எழும்பி நிண்டு வெறியோடை உழக்கிறது. ஊரிலை செம்மணி வெளிக் காத்துக்கு அது சரிவந்தது.

ஒரு வெற்றியையும் சொல்லவேணும். திரும்பேக்கை ஒரு பெடியன், காபன் சைக்கிள், என்ரை காரிலும் விலை கூட இருக்கும், காத்துப்போய் நிக்கிறான். கொண்டுவந்த ஒரே ரியூப்பும் போட்டுதாம், ஆரையோ ரெலிபோனிலை கூப்பிடுறான். நான் ரயரைக் கழட்டி, ரியூப்பை வாய்க்கு முன்னாலை பிடிச்சு ஓட்டையைக் கண்டு, அரத்தாள் போட்டு உரஞ்சி, ஒட்டி, பத்து நிமிசம். ஊரிலை பொருளாதாரத் தடையிருந்த காலத்திலை ஒரு ரியூப்பிலை பதினெட்டு ஒட்டு வைச்சு ஓடினனாங்கள். சைக்கிளைத் தலைகீழாய் வைச்சுக் கையாலை சுத்தி, டைனமோவிலை றேடியோ கேட்ட ஆக்கள். பெடியன் "நீங்கள் மெக்கானிக்கோ?" எண்டு கேட்டான். ஓமெண்டு சொல்லிப்போட்டன்.

கேள்வி கேட்ட தம்பியை ஜனவரிக்குப் பிறகு காணேல்லை. உயிரோடை இருக்கிறீரோ?

மே 19

டிச்லிங் பீக்கனைத் தனியாய்ப் பாக்கிறதெண்டு சைக்கிளோடை ரயிலிலை ஹசொக்ஸுக்குப் போனன். அங்கையிருந்து ரண்டு, மூண்டு மைலிலை அடிவாரம். பிறைற்றன் ஓட்டத்திலை கடைசி ஏத்தம் இது, அதுதான் அநியாயம். 248 மீற்றர் உயரம். ஏறுற துண்டு ஒரு மைல் வரும், சில இடத்திலை பதினாறு வீதம். 1994இலை ரூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயமும் இதாலை போனது.

மூண்டுதரம் முயற்சி. முதல்தரம் அரைவாசி. ரண்டாந்தரம் முக்கால். மூண்டாந்தரம் முதல் வளைவோடை இறங்கிட்டன். புதுக்காலோடையே இவ்வளவுதான், அண்டைக்கு நாப்பது மைலுக்கு மேலை ஓடின காலோடை வரவேணும்.

தம்பி எழுதியிருக்கிறீர், கண்டன். நாலுதரம்தான் ஓடியிருக்கிறீர், அதிலை ஒண்டு மழைக்குத் திரும்பினது. ஜனவரியிலை "தேவையில்லை" எண்டு எழுதின ஆளை நம்பினது உம்முடைய பிழை. இப்பவும் நாலு கிழமை இருக்கு.

மே 26

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு ரண்டு நாள் யோசிச்சன்.

வெள்ளிக்கிழமை அம்மாவோடை கதைச்சன், ஸ்காபரோவிலை இருக்கிறா. பீக்கன் ஏறேலாமல் போனதைச் சொல்லி, "95இலை அம்மம்மாவையும் ஏத்திக்கொண்டு சாவகச்சேரி மட்டும் ஓடினனான், இப்ப உது ஏலேல்லை" எண்டன்.

"நீ எங்கை ஓடினாய்?" எண்டா. "தள்ளினனீ."

நான் இல்லையெண்டு வாதாடினன். அவ கோவிக்கேல்லை, ஒவ்வொண்டாய்ச் சொன்னா. கொக்குவிலாலை வெளிக்கிட்டதே சனத்துக்குள்ளை. ஒரு காலைத் தூக்கிப் பெடலிலை வைக்க இடமிருக்கேல்லை. நாவற்குழிப் பாலத்துக்கு இஞ்சாலை நிண்ட நிலையிலையே மணித்தியாலக் கணக்கு. மழை. அம்மம்மா கரியரிலை, பாரிலை உடுப்பு மூட்டை, ஹாண்டிலிலை ரண்டு பக்கமும் பை. நான் ஹாண்டிலைப் பிடிக்க, அம்மா பின்னாலை அம்மம்மாவின்ரை முதுகைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறா. விடிஞ்சுதான் கைதடி.

மழையும் பாலமும் எனக்கும் நினைவிலை இருக்கு. ஆனால் காத்து முகத்திலை அடிக்க, அம்மம்மா பின்னாலை இருந்து "மெள்ள, மெள்ள" எண்டு சொல்ல உழக்கினதும் நினைவிலை இருக்கு. அது வேறை நாள். ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதாய் இருக்கவேணும். ரண்டையும் ஒட்டி வைச்சிருக்கிறன்.

ஜனவரி 10 குறிப்பிலை "ஓடினவன் நான்" எண்டதைத் திருத்தி வாசியுங்கோ.

ஜூன் 12

கடைசிக் கிழமை, சுருக்கமாய். இனி ஓடிப் பலன் இல்லை, படுங்கோ. அண்டைக்குப் பிறைற்றன்–லண்டன் ரயிலிலை சைக்கிள் ஏத்தவிடமாட்டினம், மடிக்கிறதெண்டால் மட்டும்தான். ஆளுக்கு பஸ், சைக்கிளுக்கு லொறி எண்டு முன்கூட்டியே எடுத்து வையுங்கோ. பிறேக் கட்டையைப் பாருங்கோ, ஏத்தத்தை நினைச்சுக்கொண்டு எல்லாரும் இறக்கத்தை மறக்கினம். புதுச் சப்பாத்து, புதுச் சாப்பாடு ஒண்டும் அண்டைக்கு வேண்டாம்.

ஜூன் 17

முடிஞ்சுது. நேற்று, ஞாயிறு. நிண்டு நிண்டு ஏழு மணித்தியாலமும் நாப்பது நிமிசமும்.

கிளாப்பம் கொமனிலை விடிய ஏழுக்கு வெளிக்கிட்டம். மிச்சம் (Mitcham) ஊருக்குள்ளாலை போகேக்கை எங்கடை ஆக்கள் ரண்டு பேர் பஸ் தரிப்பிலை நிண்டு "அண்ணை, கடை பூட்டோ?" எண்டு கத்தினவை. முதல் இருவது மைலும் சைக்கிள் நெரிசல், ரேனர்ஸ் ஹில்லிலை எல்லாரும் இறங்கி நடை, ஏனெண்டால் முன்னுக்கு ஒருத்தன் இறங்கினால் பின்னுக்கு ஏறக்கூடியவனும் இறங்கத்தான் வேணும். லிண்ட்ஃபீல்ட் குளத்தடியிலை புல்லிலை இருந்து புட்டைத் திண்டன், மனிசி அலுமினியத் தாளிலை சுத்தித் தந்தது. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி என்னெண்டு கேட்டு ஒரு வாய் வாங்கித் திண்டா. தண்ணி வேணுமெண்டா.

டிச்லிங்குக்கு முன்னம் கால் பிடிக்கத் தொடங்கிட்டுது. பீக்கனிலை ரண்டு வளைவு ஏறினன். மூண்டாவதிலை முன்னுக்குச் சுவர்மாதிரிச் சனம், எல்லாம் தள்ளுது. இறங்கினன்.

அப்பதான் ஒண்டைக் கவனிச்சன். உந்த ஆக்களுக்குத் தள்ளத் தெரியேல்லை. ரண்டு கையாலையும் ஹாண்டிலைப் பிடிச்சு, குனிஞ்சு, பெடல் கெண்டைக்காலிலை அடிக்க அடிக்க நடக்கினம். ஒரு கை ஹாண்டிலிலை, மற்றக் கை சீற்றுக்குப் பின்னாலை. சைக்கிளைக் கொஞ்சம் உங்கடை பக்கம் சரிச்சு, இடுப்பாலை முட்டுக் குடுங்கோ. பாரத்தைச் சீற்றுக் கை தள்ளும், ஹாண்டில் கை வழி மட்டும் காட்டும். கை தானாய்ப் போய் அங்கை வைச்சுது. நான் உச்சிக்குப் போகமுன்னம் நாப்பது பேரையாவது முந்தியிருப்பன். ஒரு பெட்டை "என்னெண்டு இவ்வளவு கெதியாய்?" எண்டு கேட்டாள். காட்டிக் குடுத்தன், அவளும் கூடவே வந்தாள்.

உச்சியிலை ஐஸ்கிறீம் வான். கியூவிலை நிக்கேக்கை தம்பி வந்து முதுகிலை தட்டினார். ஆளும் தள்ளித்தான் வந்தவர்.

ஜூன் 23

சேர்ந்த காசு 1,164 பவுண், அதிலை ரின் 211. கிஃப்ற் எய்ட் தனி. இரத்தப் பரிசோதனை அடுத்த மாதம், வந்தால் எழுதுறன்.

அம்மாவுக்கு பீக்கன் படம் அனுப்பினன். "பாரிலை ஒண்டும் கட்டேல்லையோ, வெறுஞ் சைக்கிள்தானே?" எண்டு குரல் பதிவு வந்துது.

சைக்கிளை விக்கிறீரோ எண்டு கேட்டவருக்கு: இல்லை, நாளைக்குக் கடைக்கு அதிலைதான். பின் ரயர் தேஞ்சுபோட்டுது, அளவு 700க்கு 35. ஆரிட்டையும் நல்ல நிலையிலை கிடந்தால் சொல்லுங்கோ, ரூற்றிங் பக்கம் எண்டால் வந்து எடுப்பன்.